லெமூர்களுக்கு ஒரு படல்

ஈப்போவிலிருந்து ஒருத்தி ஜவ்வாது மலைக்கு எதற்குப் போகிறாள் என்று சென்னை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி கேட்டார். லெமூர்களுக்காக என்றேன். அந்த மலையில் லெமூர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். முத்திரை குத்துவதற்கு முன் என் முகத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

நான் பொய் சொல்லவில்லை. விலங்குப் பூங்காக்களில் விலங்குகள் வாழும் இடத்தை வரைந்து கொடுப்பது என் தொழில். மலேசியாவில், எங்கள் ஈப்போவுக்கு வெளியே ஒரு தனியார் பூங்காவில், ஒரே வெளியில் மூன்று இனங்களைச் சேர்த்து வைக்கும் வேலை என்னிடம் வந்தது. மேலே வாலில் வளையம் போட்ட லெமூர்கள், கீழே ஓட்டில் மஞ்சள் கோடு கிழித்த மடகாஸ்கர் ஆமைகள், நடுவில் குறுக்கும் நெடுக்கும் ஓட கினிக்கோழிகள். கம்பி கண்ணில் படக்கூடாது, மரமெல்லாம் நிஜ மரமாக இருக்க வேண்டும் என்று நான்தான் வீறாப்பாகச் சொன்னேன்.

லெமூர்களின் சொந்த நாடான மடகாஸ்கரில் அவை பெரும்பாலும் புளியமரத்தை நம்பித்தான் வாழ்கின்றன. ஆகவே புளியங்கன்றுகளை நட்டேன். முதல் தடவை மூன்று நாளில் மொட்டையடித்துவிட்டன. கொஞ்சம் பெரிய கன்றாக வாங்கி மறுபடி நட்டேன், ஒரு வாரம் தாங்கியது. மூன்றாம் தடவை கொழுந்தை லெமூர் தின்றது, உதிர்ந்ததை ஆமை தின்றது, மிச்சமிருந்த வேரைக் கினிக்கோழி கிளறி வெளியே போட்டது. பராமரிப்பாளர் கையில் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு எனக்குப் படம் அனுப்பியிருந்தார். அந்தக் குச்சிதான் என் காடு.

பூங்காவின் முதலாளி லிம் பொறுமைசாலி, ஆனால் வியாபாரி. கண்ணாடி இழையில் செய்த மரங்களுக்கு ஆர்டர் கொடுக்கப் போவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கையெழுத்து. அதற்குள் உயிருள்ள மரம் பிழைக்க வழி இருந்தால் சொல், இல்லையென்றால் பிளாஸ்டிக் இலைதான் என்றார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் நான் ஒரு பிளாஸ்டிக் இலையைக்கூட வைத்ததில்லை. அன்றிரவு எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருமுறை அந்த மரங்கள் உள்ளே வந்துவிட்டால் அந்த லெமூர்களின் ஆயுள் முழுக்க அவைதான் இருக்கும்.

மடகாஸ்கருக்குப் போக லிம் பணம் தரமாட்டார். சென்னையில் படித்த காலத்தில் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நஸ்ரீன் வாணியம்பாடியில் கால்நடை மருத்துவர். ஜவ்வாது மலைக்கு மாதம் இரண்டு முறை போகிறவள். அவள்தான் போனில் சொன்னாள்: எங்கள் மலையில் புளியமரம் இருக்கிறது, குரங்கு இருக்கிறது, ஆடும் மாடும் இருக்கின்றன, மரமும் இன்னும் இருக்கிறது, வந்து பார். விமானச் சீட்டை என் சொந்தச் செலவில் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை வாணியம்பாடி. நஸ்ரீன் வீட்டில் எல்லோரும் தோல் வியாபாரம், இவள் ஒருத்திதான் தோலுக்குள் உயிர் இருக்கும்போதே மாட்டைப் பார்க்கிறவள் என்று அவள் அண்ணன் கேலி செய்தார். பிரியாணியும் கத்திரிக்காய் தொக்கும் வந்தன. எங்கள் ஊர் பிரியாணியில் தக்காளியும் முந்திரியும் போட்டு ஒரு கல்யாணமே நடத்திவிடுவார்கள். இங்கே சீரகச் சம்பாவும் கறியும் மட்டும் பேசின. மூன்றாவது முறை பரிமாறியபோது நான் மறுக்கவில்லை.

புதன்கிழமை காலை நஸ்ரீனோடு மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஜீப். ஒன்பது பேருக்கான வண்டியில் பதினேழு பேர், நான்கு உர மூட்டை, ஒரு சேவல். எனக்கு மரியாதை கொடுத்து மூட்டை மேல் உட்கார வைத்தார்கள். மூன்றாவது வளைவில் வண்டி புகைவிட்டு நின்றது. ஓட்டுநர் கோவிந்தன் இறங்கி, எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினார். விமான நிலையத்தில் கொள்ளை விலை கொடுத்து வாங்கிய என் தண்ணீரும் போயிற்று. “வண்டிக்கும் தாகம் எடுக்குது மேடம்,” என்றார் கோவிந்தன். பிறகு எல்லோரும் இறங்கித் தள்ளினோம், சேவல் மட்டும் உள்ளேயே இருந்தது.

நஸ்ரீன் தங்க ஏற்பாடு செய்திருந்தது சின்னப்பொண்ணு வீட்டில். முப்பத்தைந்து வயதிருக்கும். கொல்லை என்று அங்கே சொல்லும் மேட்டு நிலம் இரண்டு, ஐந்து மாடு, இருபத்தெட்டு ஆடு, பட்டணத்துக் கட்டட வேலைக்குப் போயிருக்கும் கணவர். போனதும் சாமைச் சோறும், புளி கரைத்து ஊற்றிய கீரைக் குழம்பும் வைத்தாள். ஈப்போவில் மார்கழி என்பது காலண்டரில் மட்டும் உண்டு. இங்கே பகல் பன்னிரண்டுக்கே நான் கொண்டுவந்த துணி அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்து, லெமூர் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். தேவாங்குக்குத் தூரத்துச் சொந்தம் என்று விளக்கினேன். அவள் வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது, மூஞ்சி நரியாட்டம் கீது, வாலு கட்டுவிரியனாட்டம் கீது. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

வீட்டுப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு மாங்கன்று நின்றது. வேலி இல்லை. அவளுடைய ஆடுகள் அதை முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் போயின. எப்படி என்று கேட்டேன். ஆட்டுப் புழுக்கையைத் தண்ணீரில் கரைத்து இலையில் தெளித்திருக்கிறாள். தன் சாணி வாடை அடிக்கும் இலையை ஆடு தொடாது. கிடைத்துவிட்டது என்று நான் கையைத் தட்டினேன், வந்த அன்றே வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நஸ்ரீன் சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின. லெமூர் எச்சத்தைக் கரைத்து இலையில் பூசிவிட்டு, அதைப் பார்க்க ஜனங்களை டிக்கெட் வாங்கச் சொல்வாயா என்று கேட்டாள். அதோடு விட்டாளா, ஒரு இனத்தின் எச்சத்திலிருந்து இன்னொரு இனத்துக்குப் போகும் குடற்புழுக்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். ஐந்தாவது புழுவில் நான் தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமைதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சின்னப்பொண்ணுவின் இரண்டு கொல்லைகளும் சரிவில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேல் கொல்லையில் சாமை அறுத்தாகிவிட்டது. கீழ்க் கொல்லையில் துவரை காய் பிடித்து நின்றது. இரண்டுக்கும் நடுவே முள்வேலி, வேலியில் ஒரு படல். மூங்கில் பிளாச்சும் முள்ளும் வைத்துக் கட்டிய கதவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கீழ்க் கொல்லையின் கடைசியில் ஒரு பெரிய புளியமரம், அதில் ஒரு குரங்குக் கூட்டம். மரம் கொள்ளாமல் இலை, இலைக்குள் குரங்கு. நான் ஈப்போவில் செய்ய முடியாதது அங்கே தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அளவு நாடாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடிய அவசரத்தில் படலைச் சாத்தவில்லை.

மரத்தின் சுற்றளவை எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் சலசலப்புக் கேட்டது. திரும்பினால் இருபத்தெட்டு ஆடும் துவரைக்குள். காலையிலிருந்து பட்டியில் பசியோடு அடைபட்டு, அப்போதுதான் திறந்துவிடப்பட்டவை. வரிசையாக நின்று உருவின. இலை, காய், கொழுந்து எல்லாம் போயின, வெறும் தண்டு மிஞ்சியது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பராமரிப்பாளர் அனுப்பிய அந்தக் குச்சி இங்கே ஒரு சால் முழுக்க நின்றது.

நான் கத்திக்கொண்டு துரத்தினேன், அவை இன்னும் உள்ளே ஓடின. சின்னப்பொண்ணு கத்தவில்லை. ஒரு கட்டுப் பலாத்தழையை எடுத்துவந்து படலருகே நின்று குலுக்கினாள். அத்தனை ஆடும் அவள் பின்னால் வெளியே போயின. படலைச் சாத்திக் கயிற்றைக் கட்டினாள். பிறகுதான் துவரையைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். எனக்கு அந்த மலை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

நஷ்டத்தை ஈடுகட்டுகிறேன் என்றேன். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அந்த ஊரில் அதற்கு வேறு வழக்கம் இருக்கிறதாம். யார் படலைத் திறந்து போட்டார்களோ அவர்கள் மறுநாள் படலில் காவல் இருக்க வேண்டும். ஊர்த் தலைவர் வீட்டு மருமகனும் போன வருடம் இருந்தாராம். மறுநாள் ஊரெல்லாம் மேல் கொல்லைகளில் ஆடு விடும் நாள், காவல் இல்லாமல் முடியாது.

“தொறந்தவங்க ஒக்காரணும்க்கா. வெளியூர்னு வுட்டுட்டா ஊர்ல பேசுவாங்க.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. லிம்முக்கு மாலை ஐந்து மணி என்றால் இங்கே பகல் இரண்டரை. என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, சொல்ல இருந்தாலும் அந்த ஊரில் சிக்னல் இல்லை. மேலே ஒரு பாறையில்தான் கிடைக்கும், டவர் பாறை என்றே அதற்குப் பெயர். நஸ்ரீனிடம் புலம்பினேன். நீ உட்காராவிட்டால் இனி நான் இந்த ஊருக்கு ஊசி போட வரமுடியாது, பேசாமல் உட்கார் என்றாள்.

காலை ஏழு மணிக்கு, கம்பளி போர்த்தி, கையில் குச்சியோடு, படலுக்கு முன்னால் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். போகிற வருகிறவர்கள் எல்லோரும் மரியாதையாக விசாரித்தார்கள். மலேசியா அக்காவா, படல் காவலா, நல்லது என்றார்கள். ஒரு பெண் எனக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்து தந்தாள், கூடவே இரண்டு பேரை வேடிக்கை பார்க்கவும் கூட்டி வந்திருந்தாள்.

வேறு வேலை இல்லாததால் பார்க்க ஆரம்பித்தேன். மேல் கொல்லையில் செவ்வாய்க்கிழமையே மாடுகளை விட்டிருந்தார்கள். ஆடுகளுக்கு இன்றுதான் முறை. ஆனால் ஆடுகளை நேராகக் கொல்லைக்கு ஓட்டவில்லை. முதலில் வீட்டு வாசல்களில் கயிறு கட்டிப் பலாத்தழையும் முருங்கைத் தழையும் தொங்கவிட்டார்கள். ஒரு மணி நேரம் அவை தின்றன. வயிறு புடைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

நேற்று துவரையை உருவிய அதே ஆடுகள். இன்று இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்த விருந்தாளி மாதிரி மேய்ந்தன. கொல்லை ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலாக்கன்று நின்றது, அதன் இலையில் சாணி தெளிக்கவில்லை. ஒரு வெள்ளாடு நான்கு இலையைக் கடித்தது, ஐந்தாவதைக் கடிக்கவில்லை, நகர்ந்து போய்விட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அந்தக் கன்றைக் காட்டிக் கேட்டேன். போன வருடமும் ஆடு கடித்ததாம். கடித்த இடத்தில் இரண்டாக வெடித்துக் கிளை விட்டதாம். பிழைக்கும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“போன வருசம் ஆடி மழைக்கு வெச்சது. ஆறு மாசம் இந்தப் பக்கம் ஒரு உசுர வுடல. வேர் புடிச்சாச்சு. அப்பறம் மாடு. மாடு மேலாக்க மேயும். அதுக்கப்பறம்தான் ஆடு, அதுவும் வயிறு ரொம்பின ஆடு. உச்சி வெயிலுக்கு வெளிய ஓட்டிப்புடுவோம், மறுபடி பசிக்கறதுக்குள்ள.” பிறகு என்னைக் கேட்டாள்: “உங்க செடிய வெச்சு எத்தினி நாள் கழிச்சு அதுங்கள உள்ள வுட்டீங்க?”

இரண்டு நாள் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப அது செடி இல்லக்கா. தழைக் கட்டு.”

இருபத்திரண்டு வருடம். எங்கள் தொழிலில் கான்கிரீட் முதலில் வரும், பெயின்ட் பிறகு வரும், திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் பூச்சாடிகளோடு சேர்த்துச் செடிகளும் லோரியில் வரும். நான் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் அப்படித்தான் செய்கிறோம். விலங்கு எவ்வளவு உயரம் தாவும், எந்த மரத்தில் தூங்கும், எந்த இனத்தோடு சண்டை போடும் என்று எல்லாவற்றையும் வரைந்தேன். மரத்துக்கு ஆறு மாதம் என்று எந்த வரைபடத்திலும் எழுதவில்லை. மூன்று தடவையும் லெமூர்களுக்கு நான் தீனிதான் போட்டிருக்கிறேன்.

நோட்டைத் திறந்து அந்தக் கல்லின்மேலேயே எழுதினேன். முதலில் புளி, தனியாக, வேர் பிடிக்கும்வரை. பிறகு ஆமை. ஆமை மெதுவாகத் தின்னும், என்ன போகிறது என்று கண்ணில் தெரியும். வேர் இறங்கிய பிறகு கினிக்கோழி. கடைசியில் லெமூர், அதுவும் காலையில் பின்பக்க அறையில் தழைக் கட்டுத் தொங்கவிட்டு வயிறு நிறைந்த பிறகு, உச்சிப்பொழுது வரைக்கும் மட்டும். வெளியை நடுவில் பிரித்து, ஒரு பாதி எப்போதும் ஓய்வில். நடுவில் ஒரு கதவு. கதவு என்று எழுதியதை அடித்துவிட்டுப் படல் என்று எழுதினேன்.

ஆடுகள் வெளியே வரப் பன்னிரண்டேமுக்கால் ஆயிற்று. கடைசி ஆடு போகும்வரை நான் அசையவில்லை. படலைச் சாத்தி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, டவர் பாறைக்குக் கிளம்பினேன். கோவிந்தன் ஜீப் பாதி வழியில் பஞ்சர். ஸ்டெப்னி ஏற்கெனவே பஞ்சர். மீதி வழியை நஸ்ரீனும் நானும் ஓடியே ஏறினோம். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் மூச்சிரைக்க மலையில் ஓடுவதைப் பார்த்து ஒருவர், ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். பாறை மேல் ஏறியபோது இரண்டு பத்து.

லிம் போனை எடுத்ததும் நான் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். எத்தனை மாதம் தள்ளும் என்று கேட்டார். ஆறு என்றேன். அத்தோடு லைன் போய்விட்டது. நஸ்ரீன் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, பாறையின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று மறுபடி பிடித்தேன். ஆறு மாதம் வெறும் மரத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்குள் எந்தச் சாமி இறங்கியதோ தெரியவில்லை. முதலில் ஆமைக்கு ஒரு திறப்பு விழா வையுங்கள் என்றேன். பிறகு கினிக்கோழிக்கு ஒன்று. கடைசியில் லெமூருக்குப் பெரிதாக ஒன்று. வேறெந்தப் பூங்காவும் ஒரே இடத்தை மூன்று தடவை திறந்ததில்லை.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“மூன்று திறப்பு விழா,” என்றார் லிம். பிறகு, “சரி, அந்த மரக் கம்பெனிக்காரன் என் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறான். நான் இவனுக்கு என்ன சொல்வது?”

நான் பாறை மேல் ஆடினேன். மலேசியாவில் என்னைத் தெரிந்த ஒருவரும் அதைப் பார்க்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம். நஸ்ரீன் கைப்பேசியில் எடுத்து வைத்திருக்கிறாள், அது அவள் அதிர்ஷ்டம். அன்று மாலை சின்னப்பொண்ணு வீட்டில் களியும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் ஊர்ப் பெரிய ஹோட்டல்களின் விருந்தெல்லாம் அந்தத் தட்டுக்கு முன்னால் நிற்க முடியாது என்று அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

திரும்பியதும் புளியங்கன்றுகளை நட்டோம். மழைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. வேர் பிடித்த பிறகு ஆமைகள் உள்ளே போயின, ஓரத்தைக் கொஞ்சம் கடித்தன. கினிக்கோழிகள் போயின, கிளறிப் பார்த்துவிட்டு வேர் அசையாததால் சலித்துப்போயின. ஒரு காலையில், தழைக் கட்டைத் தின்று முடித்த பதினொரு லெமூர்களை உள்ளே விட்டோம். முதல் லெமூர் என் தோளுயரப் புளியங்கன்றில் ஏறியது. கொழுந்தில் ஒன்றைக் கிள்ளித் தின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது கீழே இறங்கி, ஒரு ஆமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து வயிற்றில் வெயில் வாங்கிக்கொண்டிருந்தது. கன்று அசைந்து நின்றது, இலை இருந்தது.

ஒரு மாதம் கழித்தும் இருந்தது. கடித்த இடங்களில் இரண்டு இரண்டாக வெடித்திருந்தது. லிம் வருகிறவர்களிடமெல்லாம் மரத்தை முதலில் வளர்ப்பது தன்னுடைய யோசனை என்று சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

லெமூரும் ஆமையும் கினிக்கோழியும் புளியமரத்தடியில் ஒன்றாக இருப்பதை வீடியோ எடுத்து நஸ்ரீனுக்கு அனுப்பினேன். அவள் மலைக்குப் போனபோது சின்னப்பொண்ணுவுக்குக் காட்டினாள். அவள் இரண்டு முறை பார்த்தாளாம். லெமூரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். கன்றைக் கைவிரலால் பெரிதாக்கி, கடித்த கிளையைப் பார்த்துத் தலையாட்டினாளாம். பிறகு அவள் கேட்டதை நஸ்ரீன் குரல் பதிவாகவே எனக்கு அனுப்பியிருந்தாள்.

“எல்லாம் நல்லாத்தான் கீது. அந்த அக்கா படலைச் சாத்திட்டு வந்தாங்களான்னு மட்டும் கேளுங்க டாக்டரம்மா.”

சாத்தியிருந்தேன். இருந்தாலும் போனை வைத்துவிட்டு, வெளிக்கு நடுவே இருக்கும் கதவுவரை போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.